ரேடார் படத்தில் சிவப்பு தெரிந்தால் ஆபத்தா? மழை நிறங்களைச் சரியாகப் படிப்பது எப்படி?

மழைக்காலம் வந்தாலே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் அந்த வண்ணப் படம் உண்மையில் என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

2024 அக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி. சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசைகட்டி நின்றன. நகருக்கு ரெட் அலர்ட் விடுக்கப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் வீட்டு வாசலிலேயே காரைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவர்கள், இந்த முறை முன்கூட்டியே மேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

15-ம் தேதி சென்னையின் சில பகுதிகளில் மழை கொட்டித் தீர்த்தது. 16-ம் தேதிக்கும் ரெட் அலர்ட். ஆனால், அன்று நகரம் பயந்த அளவுக்கு மழை இல்லை. 17-ம் தேதி அதிகாலை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துபோனது. `ரெட் அலர்ட்னு சொன்னாங்க, ரேடார்ல ஒண்ணுமே இல்லையே?' என்ற கேலி மீம்கள்தான் மிஞ்சின.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு. 2021 டிசம்பர் 30. பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விடிந்த அந்த நாளில், பிற்பகலில் தொடங்கிய மழை இரவுவரை விடவில்லை. அலுவலகம் சென்றவர்கள் வீடு திரும்ப முடியாமல் சாலைகளிலேயே பல மணி நேரம் சிக்கிக்கொண்டார்கள்.

முதல் சம்பவத்தில் எச்சரிக்கை சிவப்பாக இருந்தது, வானம் சும்மா இருந்தது. இரண்டாவதில் எச்சரிக்கை இல்லை, வானம் கொட்டியது. இரண்டு நாள்களிலும் மக்கள் கையில் இருந்தது ஒரே போன்தான். அதில் தெரியும் நிறங்களை எப்படிப் படிப்பது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

இரண்டு சிவப்பு... இரண்டு அர்த்தம்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரெட் அலர்ட்டில் வரும் சிவப்பும், ரேடார் படத்தில் வரும் சிவப்பும் ஒன்றல்ல.

வானிலை ஆய்வு மையம் தரும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இனி வரப்போகும் நேரத்துக்கானவை. பெரும்பாலும் ஒரு மாவட்டம் முழுமைக்கும், ஒரு நாள் முழுமைக்கும் தரப்படுபவை. பச்சை என்றால் கவலை வேண்டாம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள். `இவ்வளவு மழை பெய்தே தீரும்' என்ற உத்தரவாதம் அல்ல அது. அப்படிப் பெய்தால் விளையும் பாதிப்பை மனதில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை.

ரேடார் படம் அப்படியல்ல. அதற்கு நாளை என்பதே தெரியாது. சில நிமிடங்களுக்கு முன்பு வானத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய மழைத்துளிகள் இருந்தன என்பதை மட்டுமே அது காட்டும். எனவே, எச்சரிக்கை சிவப்பாக இருக்கும்போது ரேடார் காலியாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, `எச்சரிக்கையே பொய்' என்று முடிவு கட்டுவது அவசரம். எச்சரிக்கையே இல்லாத மாலையில் ரேடாரில் சிவப்பு தெரியலாம். அப்போது, `அலர்ட்தான் இல்லையே' என்று பைக்கை எடுப்பதும் தவறு.

ரேடார் மழையை எப்படிப் பார்க்கிறது?

இந்திய வானிலைத் துறையின் முதல் டாப்ளர் ரேடார் 2002-ல் நிறுவப்பட்டது சென்னையில்தான். துறைமுகப் பகுதியில் உயரமான கட்டடத்தின் உச்சியில், வெள்ளைப் பந்து போன்ற கூட்டுக்குள் அது சுழன்றுகொண்டிருக்கிறது. ரேடியோ அலைகளைத் துடிப்புத் துடிப்பாக வெளியே அனுப்பும். அவை மழைத்துளிகளில் பட்டு எதிரொலியாகத் திரும்பி வரும். எதிரொலி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து தூரத்தையும், அதன் வலிமையை வைத்து மழையின் தன்மையையும் கணினி கணக்கிடுகிறது. ஒரு சுற்றில் ஒரு கோணம், அடுத்த சுற்றில் இன்னும் சற்று உயர்ந்த கோணம் என வானத்தை அடுக்கடுக்காக அலசி முடிக்கச் சுமார் 10 நிமிடங்கள் ஆகும்.

அந்த எதிரொலியின் வலிமையை அளக்கும் அலகுதான் டி.பி.இசட். படத்தின் ஓரத்தில் இருக்கும் வண்ணப்பட்டையில் 20, 30, 40, 50 என்று எண்கள் இருக்குமே, அது இதுதான். இது சாதாரண அளவுகோல் அல்ல. நிலநடுக்கத்தின் ரிக்டர் அளவைப்போலப் பெருக்கல் முறையில் ஏறுவது. 30-க்கும் 40-க்கும் வித்தியாசம் 10 தானே என்று நினைக்கக் கூடாது. எதிரொலி 10 மடங்கு வலுத்திருக்கிறது என்று பொருள்.

பெரும்பாலான படங்களில் குளிர்ந்த நிறத்தில் தொடங்கிச் சூடான நிறத்துக்குப் போகும். தோராயமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

* 20-க்குக் கீழே, நீலச் சாயல்கள்: மேகம் அல்லது மெல்லிய தூறல். பல நேரம் தரைக்கு வந்துசேராமல் வழியிலேயே ஆவியாகிவிடும்.

* 20 முதல் 30 வரை, நீலம் அல்லது பச்சை: லேசான மழை. மணிக்கு 1 முதல் 3 மி.மீ. குடை போதும்.

* 30 முதல் 40 வரை, பச்சை அல்லது மஞ்சள்: மிதமான மழை. மணிக்கு 3 முதல் 12 மி.மீ. வரை.

* 40 முதல் 50 வரை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு: வலுத்த மழை. மணிக்கு 12-ல் தொடங்கி 50 மி.மீ. வரை எகிறலாம். பைக் ஓட்டுபவருக்கு முன்னால் போகும் வண்டி தெரியாது.

* 50-க்கு மேல், அடர் சிவப்பு, ஊதா: மிகக் கடுமையான மழை. இடி, மின்னல், பலத்த காற்று சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 55, 60 என்று போனால் ஆலங்கட்டியும் கலந்திருக்கலாம்.

ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு வண்ணப்பட்டையை வைத்திருக்கிறது. ஒன்றில் 35 டி.பி.இசட் பச்சை, இன்னொன்றில் அதுவே மஞ்சள். யாரோ அனுப்பிய படத்தில் ஓரத்துப் பட்டை வெட்டப்பட்டிருந்தால், அந்தப் படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அரை மணி நேரச் சிவப்பும், ஒரு நாள் மஞ்சளும்

இப்போது ஒரு சின்னக் கணக்கு.

உங்கள் பகுதிக்கு மேலே அடர் சிவப்பு வருகிறது. மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்கிறது. அரை மணி நேரத்தில் நகர்ந்துவிடுகிறது. மொத்த மழை 30 மி.மீ. அதாவது 3 செ.மீ. சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கலாம், மரம் விழலாம். மறுநாள் காலையில் ஊர் வழக்கம்போல இயங்கும்.

இன்னொரு நாள், சிவப்பே இல்லை. படத்தில் மஞ்சள்தான். மணிக்கு 10 மி.மீ. ஆனால், அது நகரவில்லை. 24 மணி நேரம் அங்கேயே நிற்கிறது. மொத்த மழை 240 மி.மீ. அதாவது 24 செ.மீ.

ஒரு நாளில் 6.5 செ.மீ. அளவைத் தொட்டாலே கனமழை. 11.5 செ.மீ. தாண்டினால் மிக கனமழை. 20.4 செ.மீ. தாண்டினால் அதி கனமழை. இதுதான் வானிலைத் துறையின் வகைப்பாடு. மிரட்டிய சிவப்பு கனமழைக் கணக்கில்கூட வரவில்லை. சாதுவாகத் தெரிந்த மஞ்சள் அதி கனமழையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

தமிழ்நாட்டின் பெருவெள்ளங்களின் கதையும் இதுதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தொடவே இல்லை. கடலிலேயே, கரையை ஒட்டி ஊர்ந்துதான் போனது. ஆந்திராவின் பாபட்லா அருகே 5-ம் தேதி கரையேறியது. ஆனால், அது ஊர்ந்த வேகத்தில் மழைப்பட்டைகள் சென்னைக்கு மேலேயே நின்றன. சில இடங்களில் இரண்டு நாள் மழை 40 செ.மீ.-ஐத் தாண்டியது.

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் புயல்களில் முதல் படியில் இருப்பது. மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை காற்று வீசும் வகை. ஆனால், கரையேறிய பிறகு பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் அதிகமாகக் கொட்டியது.

புயலின் பெயருக்கு முன்னால் இருக்கும் `தீவிர', `அதி தீவிர' என்ற சொற்கள் காற்றின் வேகத்தைச் சொல்பவை. மழையின் அளவை அல்ல. கூரை பறக்குமா என்று தெரிந்துகொள்ள அது உதவும். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று தெரிய வேண்டுமென்றால், மழைப்பட்டை நகர்கிறதா, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துளி சின்னது... தண்ணீர் பெரிது!

ரேடார் படத்தை நம்பி ஏமாறும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. மழைத்துளியின் விட்டம் இரண்டு மடங்கானால், அதன் எதிரொலி 64 மடங்காகிறது. ஆனால், அதில் இருக்கும் தண்ணீர் 8 மடங்குதான். ரேடாரின் பார்வையில், 2 மி.மீ. துளி ஒன்றும் 1 மி.மீ. துளிகள் 64-ம் சமம். நிஜத்தில் அந்த 64 சிறு துளிகளில் 8 மடங்கு தண்ணீர் அதிகம்.

ஏப்ரல், மே மாதக் கோடை இடிமழையில் துளிகள் பெரிதாக இருக்கும். `சொட்டு ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி விழுது' என்போமே, அந்த மழை. ரேடாரில் அது சட்டென்று சிவந்துவிடும். புயல், தாழ்வு மண்டல மழையில் சின்னத் துளிகள் கோடிக்கணக்கில் நெருக்கமாக விழும். ரேடாரில் மஞ்சளாகத் தெரிவதைவிட அதிகமான தண்ணீர் தரையில் சேர்ந்துகொண்டிருக்கும். அதனால், வடகிழக்குப் பருவமழைக் காலத்து மஞ்சளுக்குக் கோடைக்காலத்து மஞ்சளைவிடக் கூடுதல் மரியாதை கொடுக்க வேண்டும்.

வடிவமும் பேசும்

நிறத்தைப்போலவே வடிவத்துக்கும் அர்த்தம் உண்டு.

சிவப்புப் புள்ளிகள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால், அது இடிமழை. கோடை மாலைகளில் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் முளைத்து, கடற்காற்றைச் சந்தித்து வலுத்து, சென்னைக்குள் நுழையும். ஒவ்வொரு புள்ளியின் ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் மின்னல்தான் பெரிய ஆபத்து. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் விழலாம். `ரேடார்ல நம்ம ஊருக்கு இன்னும் சிவப்பு வரலையே' என்று வயலிலோ மொட்டை மாடியிலோ நிற்கக் கூடாது. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

புள்ளிகள் ஒன்றுசேர்ந்து, வில்லைப்போல வளைந்த கோடாக முன்னேறினால், மழைக்கு முன்பே பலத்த காற்று வரும். விளம்பரப் பலகை, தகரக் கூரை, பழைய மரம் ஆகியவற்றுக்குக் கீழே நிற்கக் கூடாத நேரம் அது.

ரயில் பெட்டிகள் ஒரே தண்டவாளத்தில் போவதுபோல, ஒரு மழைப்பட்டை கடந்தவுடன் அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று என ஒரே ஊரின் மேல் தொடர்ந்து வந்தால், வெள்ளத்துக்கான அறிகுறி. 2015 டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. கடலிலிருந்து மழை மேகங்கள் அப்படி விடாமல் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

சுருள் வடிவப் பட்டைகளின் நடுவே மட்டும் ஒரு வெற்று வட்டம் தெரிந்தால், அது புயலின் கண். நிறமே இல்லாத அந்த இடம்தான் படத்திலேயே அதிகம் ஏமாற்றும் இடம். 2016-ல் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா, 2018-ல் டெல்டாவைச் சாய்த்த கஜா போன்ற வலுவான புயல்களில், கண் கடக்கும்போது காற்றும் மழையும் திடீரென்று ஓயும். `புயல் போயிடுச்சு' என்று வெளியே வருபவர்களை, சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும். ரேடாரில் உங்கள் ஊர் அந்த வெற்று வட்டத்துக்குள் இருந்தால், கதவைத் திறக்காதீர்கள்.

ரேடாருக்குத் தெரியாதவை

ரேடார் அனுப்பும் அலை நேர்க்கோட்டை ஒட்டிப் போகிறது. பூமியோ வளைந்திருக்கிறது. அதனால், தூரம் போகப்போக அலை தரையைவிட்டு மேலே மேலே போய்விடும். அரை டிகிரி கோணத்தில் அனுப்பினால், 100 கி.மீ. தொலைவில் அது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். 200 கி.மீ. தொலைவில் சுமார் 4 கி.மீ. உயரம். அதற்குக் கீழே பெய்யும் மழை அதன் கண்ணில் படாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அது புயல் அல்ல. பெயரில்லை, கண் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சி மட்டுமே. ஆனால், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்க, நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்த நிலையத்தில் காத்துக்கிடந்தார்கள்.

காரைக்கால் ரேடாரிலிருந்து காயல்பட்டினம் 300 கி.மீ.-க்கும் அதிகத் தொலைவு. திருவனந்தபுரம் பக்கமிருந்து பார்த்தால், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் ரேடார் படத்தில் நிறம் வெளிறித் தெரிகிறது என்பதால் நிம்மதி அடையக் கூடாது.

ரேடார்களின் வகையிலும் வித்தியாசம் உண்டு. சென்னைத் துறைமுக ரேடார் எஸ் பேண்ட் வகை. அதன் அலைநீளம் சுமார் 10 செ.மீ. கனமழையை ஊடுருவி அதற்கு அப்பாலும் பார்க்கும். பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் 2022-ல் செயல்பாட்டுக்கு வந்தது எக்ஸ் பேண்ட் வகை. அதன் அலைநீளம் சுமார் 3 செ.மீ. அருகில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும். ஆனால், கனமழை அதன் அலையை விழுங்கிவிடும். அதன் படத்தில் அடர் சிவப்புக்குப் பின்னால் காலியாகத் தெரிந்தால், அங்கே மழை இல்லை என்று அர்த்தமல்ல. அந்தப் பக்கம் அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரேடார் பார்ப்பது வானத்தை. உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்திருக்கிறதா, பக்கத்து ஏரி நிரம்பி வழிகிறதா, ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 2015-ல் அடையாற்றின் கரையில் இருந்த பலரின் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது, மழை குறைந்த பிறகுதான். படத்தில் நிறம் மறைந்தாலும் தண்ணீர் பின்னாலேயே வரும்.

இரண்டு நிமிடத்தில் படிக்கலாம்!

வானிலைத் துறையின் இணையதளத்திலும் மௌசம் செயலியிலும் ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்தவுடன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. நேரம்: படத்தில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் யு.டி.சி எனப்படும் உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். 12:30 என்றிருந்தால் நம் நேரப்படி மாலை 6 மணி. வாட்ஸ்அப்பில் வரும் `இப்போதைய ரேடார்' படங்களில் பல, சில மணி நேரம் பழையவை. சில, சில ஆண்டுகள் பழையவை.

2. எந்தப் படம்: மேக்ஸ் இசட் என்ற படம் மழையின் வலிமையைக் காட்டும். மேலேயும் வலப்பக்கமும் இருக்கும் பட்டைகள், மேகம் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்பதைக் காட்டும். சிவப்பு 10, 12 கி.மீ. உயரம்வரை எழும்பியிருந்தால் வலுவான இடிமழை. பி.பி.ஐ வி என்ற படம் காற்றின் வேகத்துக்கானது. அதில் நிறங்கள், ரேடாரை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் குறிப்பவை. அதில் தெரியும் சிவப்புக்கும் மழையின் அளவுக்கும் தொடர்பில்லை.

3. நகர்வு: ஒரே ஒரு படம் போதாது. ஒரு மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். அரை மணியில் 15 கி.மீ. நகர்ந்திருக்கிறது, உங்கள் ஊர் அதே திசையில் இன்னும் 15 கி.மீ. தள்ளி இருக்கிறது என்றால், அடுத்த அரை மணியில் மழை வரலாம். பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்துவர அந்த அரை மணி நேரம் போதும். ஆனால், இடிமழை வழியிலேயே கரையலாம், புதிதாக உங்கள் தலைக்கு மேலேயே முளைக்கவும் செய்யலாம். இந்தக் கணக்கு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் செல்லுபடியாகாது.

4. நீளம்: உங்களை நோக்கி வரும் மழைப்பட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? காலியாக இருந்தால் காத்திருந்தால் போதும். அடுத்தடுத்துப் பட்டைகள் இருந்தாலோ, மழைப்பட்டை நகராமல் நின்றாலோ, நிறம் எதுவாக இருந்தாலும் வெள்ளத்துக்குத் தயாராக வேண்டும்.

5. எச்சரிக்கை: கடைசியாக, மாவட்டத்துக்கான எச்சரிக்கையையும், அடுத்த மூன்று மணி நேரத்துக்குத் தரப்படும் உடனடி முன்னறிவிப்பையும் பாருங்கள். ரேடாரும் எச்சரிக்கையும் முரண்பட்டால், இரண்டில் எது கூடுதல் கவனம் கேட்கிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். மின்னலுக்கு, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி உதவும்.

பாலத்தின் மேல் நின்ற கார்கள்

மீண்டும் அந்த வேளச்சேரி மேம்பாலத்துக்கு வருவோம். 2024 அக்டோபர் 16-ம் தேதி காரை மேட்டில் நிறுத்தியவர்கள் ஏமாந்துபோனார்களா? இல்லை. மழை வராததால் அவர்கள் இழந்தது, மேம்பாலம்வரை நடந்துபோய் வரும் நேரம் மட்டுமே. மழை வந்திருந்தால், காப்பாற்றியிருப்பது பல லட்சம் ரூபாயை.

காருக்கே அப்படியென்றால், தரைத்தளத்தில் படுத்திருக்கும் பாட்டி, இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கும் அப்பா, பிரசவத் தேதி நெருங்கிய அக்கா ஆகியோர் விஷயத்தில் எவ்வளவு முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும்? அவர்களை இடம் மாற்றும் முடிவை எச்சரிக்கையின் நிறத்தைப் பார்த்து முதல் நாளே எடுத்துவிட வேண்டும். ரேடாரில் சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்திருக்கும். ரேடார் படம் உதவுவது அதற்கடுத்த முடிவுகளுக்கு. இப்போது கடைக்குப் போகலாமா, இன்னும் ஒரு மணி நேரம் அலுவலகத்திலேயே இருக்கலாமா, மாடியில் காயும் துணியை எடுக்கலாமா என்பவை அவை.

சிக்கிக்கொண்டால் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு மையத்தை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மழை வரும் முன்பே இந்த எண்களை வீட்டில் இருக்கும் எல்லோரின் போனிலும் சேமித்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை குடும்பக் குழுவில் யாராவது சிவந்த ரேடார் படம் ஒன்றை அனுப்பினால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். இது எத்தனை மணிக்கு எடுத்தது? இந்த மழை நகர்கிறதா, நிற்கிறதா?